வம்ப மாரியும் கார்காலமும்

ஜனவரி பிறந்தால் எங்கள் ஆசிரியர் அறையில் இரண்டு பேச்சுகள் தவறாமல் எழும். இவ்வாண்டு உறைபனி எத்தனை நாள் நீடிக்கும் என்பது ஒன்று. இவ்வாண்டாவது உடம்பைக் குறைத்துவிட வேண்டும் என்பது மற்றொன்று. முதற்பேச்சில் எவரும் அளவுக்கு மீறி எதையும் சொல்வதில்லை. மலையில் வாழ்கிறவர்களுக்குப் பனியின் போக்குத் தெரியும். அது வரும்போது வரும், தேயிலையைக் கருக்குமளவு கருக்கும், பிறகு விலகும். இரண்டாவது பேச்சு தொடங்கியதும்தான் அந்த நிதானம் எங்கோ போய்விடுகிறது. பனிக்குக் கொடுக்கும் அவகாசத்தை உடம்புக்குக் கொடுக்க எவருக்கும் மனம் வருவதில்லை.

முப்பது நாளில் பத்துக் கிலோ குறையும் என்று சொல்லும் விளம்பரங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதன் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். உடம்பில் சேர்ந்திருக்கும் ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி ஆற்றல் அடங்கியிருக்கிறது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் சமதரையில் ஒரு மணி நேரம் சற்று விரைந்து நடந்தால் செலவாவது சுமார் 250 முதல் 300 கலோரி. நடையால் மட்டுமே பத்துக் கிலோ கொழுப்பை முப்பது நாளில் கரைக்க வேண்டுமாயின், நாள்தோறும் ஒன்பது மணி நேரம் நடக்க வேண்டும். ஒரு மணி நேரம் நடப்பவருக்கு, உணவு சிறிதும் கூடாமல் இருந்தால், மாதத்துக்கு ஒரு கிலோ குறையலாம். நடை முடிந்து கடையில் ஒரு தேநீரும் இரண்டு வர்க்கியும் சாப்பிட்டால் அதிலும் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். மைதாவும் வனஸ்பதியும் சேர்ந்த வர்க்கியைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. குளிர்காலக் காலையில் அதை மறுக்கும் மனவலிமை எங்களுக்கும் இல்லை.

இந்த மலைக்கே அப்படி ஒரு விளம்பர வரலாறு உண்டு. 1819-இல் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரியில் ஏறிய பிறகு, சில ஆண்டுகளிலேயே உதகமண்டலம் நோயாளிகளின் ஊராயிற்று. சமவெளியின் வெப்பத்தில் உடல் நைந்த ஆங்கிலேய அதிகாரிகளும் படைவீரர்களும் மலைக்காற்று பட்டாலே குணமாகிவிடும் என்னும் நம்பிக்கையுடன் ஏறி வந்தார்கள். பிற்காலத்தில் ஆயிரத்தொரு இரவுகளை ஆங்கிலத்தில் பெயர்த்துப் புகழ்பெற்ற ரிச்சர்ட் பர்ட்டனும் 1847-இல் அவ்வாறு வந்தவரே. அவர் 1851-இல் வெளியிட்ட பயண நூலின் துணைத்தலைப்பே ஆறுமாத நோய்விடுப்பு என்பதுதான். உதகை வாழ்க்கையின் சலிப்பை அந்நூலில் அவர் சலிக்காமல் எழுதியிருக்கிறார். மலை தன் வேலையைச் செய்திருக்கலாம். ஆனால் வந்தவர் எதிர்பார்த்தது வேறு. இடம் மாறினால் உடம்பு மாறிவிடும் என்று நம்பி இன்றும் இங்கே மாற்றலாகி வருகிறவர்கள் உண்டு. குளிரில் பசி கூடுகிறது என்பதை அவர்கள் முதல் மாதத்திலேயே கண்டுகொள்கிறார்கள்.

*

2024 பிப்ரவரியில் எங்கள் கல்லூரியைச் சேர்ந்த நால்வர் சேர்ந்து நடக்கத் தொடங்கினோம். எல்லோரும் நாற்பதைக் கடந்தவர்கள். வரலாற்றுத் துறை நண்பருக்குச் சர்க்கரை நோய். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.4 என்று வந்திருந்தது. ‘மூன்று மாதம் பார்க்கிறேன், குறையாவிட்டால் இன்னொரு மாத்திரை சேர்க்கத்தான் வேண்டும்’ என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இயற்பியல் நண்பருக்கு நோய் ஏதுமில்லை, தொப்பை மட்டுமே. புதிதாக வாங்கிய கைக்கடிகாரம் அடிகளை எண்ணியது, நாடித்துடிப்பை எண்ணியது, உறக்கத்தையும் எண்ணியது. தாவரவியல் அம்மையாருக்கு முழங்கால் வலியும் நேரமின்மையும். நான்காவது ஆள் தமிழ்த்துறை.

முதல் பத்து நாளில் இயற்பியல் நண்பர் இரண்டரைக் கிலோ குறைந்தார். இரவுச் சோற்றை அவர் அடியோடு நிறுத்தியிருந்தார். ஆசிரியர் அறையில் இனிப்பு வழங்கப்பட்டது. அவர் மட்டும் சாப்பிடவில்லை. மூன்றாவது வாரம் எடை நின்றது. ஐந்தாவது வாரம் ஒரு கிலோ ஏறியது. ஆறாவது வாரம் அவர் வரவில்லை.

தமிழ் கற்பிக்கிற எங்களுக்கு இந்நிகழ்ச்சி சங்கப் பாடல்களை நினைவூட்டியது. முல்லைத் திணையில் தலைவன் கார்காலத்தில் திரும்புவதாகச் சொல்லிப் பிரிகிறான். மழை பெய்கிறது, கொன்றை பூக்கிறது, அவனைக் காணோம். தலைவி கலங்குகிறாள். அப்போது தோழி, இது கார் அன்று, பருவமல்லாத காலத்தில் பெய்த வம்ப மாரி. அதைக் காரென்று மயங்கிப் பூத்த கொன்றைதான் பேதை என்கிறாள். குறுந்தொகையில் இத்துறையில் அமைந்த அழகிய பாட்டு உண்டு. தோழி சொல்வது பொய்யா மெய்யா என்று வகுப்பில் ஆண்டுதோறும் விவாதம் நடக்கும். உடற்பயிற்சியைப் பொறுத்தவரை அவள் சொல்வது முழு மெய்.

முதல் வாரத்தில் குறையும் எடை வம்ப மாரி. கல்லீரலிலும் தசைகளிலும் உடம்பு மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்னும் வடிவில் சேமித்து வைத்திருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைத் தன்னுடன் பிடித்து வைத்திருக்கும். சோற்றைக் குறைத்ததும் கிளைகோஜன் செலவாகிறது, நீர் வெளியேறுகிறது, எடைப்பொறி இறங்குகிறது. கொழுப்பு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். மீண்டும் உண்டதும் நீர் திரும்பும். போதாக்குறைக்கு, புதிதாக உழைக்கத் தொடங்கிய தசை தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளவும் சிறிது நீரைச் சேர்த்துக்கொள்கிறது. நடக்கத் தொடங்கியும் எடை ஏறுகிறதே என்று வருந்துகிறவர்களில் பலர் வருந்துவது இந்த நீருக்காகத்தான். இயற்பியல் நண்பர் சோம்பேறி அல்லர். ஐந்து வாரம் ஒரு நாளும் தவறாமல் வந்தவர் அவர் ஒருவரே. அவரிடம் கொடுக்கப்பட்ட கணக்கு பொய்யாக இருந்தது. கணக்கு பொய்த்ததைத் தம் தோல்வியென்று அவர் எடுத்துக்கொண்டார். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் இளிவரலுக்கு நிலைக்களன்களாக மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என நான்கைச் சொல்கிறார். நடுவயதில் உடற்பயிற்சி தொடங்குகிறவரிடம் இந்நான்கும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். பொய்யான எதிர்பார்ப்பு அவற்றைத் தூண்டிவிடுகிறது. பெரும்பாலோர் பயிற்சியை விடுவது களைப்பினால் அன்று, இந்த இளிவரலினால்தான்.

*

அப்படியானால் மெய்யான கார்காலம் எப்போது? உடம்பில் ஒரே பருவம் இல்லை என்பதே விடை. ஒவ்வோர் உறுப்பும் தனித்தனி நாட்காட்டியை வைத்திருக்கிறது.

அன்றே கிடைப்பவை சில உண்டு. உணவுக்குப் பின் சிறிது நடந்தால் அந்த வேளையின் சர்க்கரை அவ்வளவு உயர்வதில்லை. பலருக்கு உறக்கமும் மனநிலையும் முதல் வாரத்திலேயே தெளிகின்றன. இவற்றைப் பயன் என்று நாம் எண்ணுவதில்லை, கண்ணாடியில் தெரியாதவை என்பதால்.

முதல் வாரத்தில் வலியும் வரும். தொட்டபெட்டாவின் 2,637 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறவர்கள் மூச்சு வாங்குவதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். மூச்சு வாங்குவது இயல்பே. 2,240 மீட்டரில் உள்ள உதகையிலேயே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். உண்மையான தொல்லையைத் தருவது இறக்கம். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடற்பாரத்தைத் தாங்குகிறது. அதனால் ஏற்படும் நுண்ணிய சிதைவு அடுத்த நாளோ மூன்றாம் நாளோ வலியாகத் தெரியும். அடுத்த முறை அதே இறக்கத்தில் அவ்வளவு வலிக்காது. உடம்பு கற்றுக்கொண்டது என்பதற்கு எங்களுக்குக் கிடைத்த முதற்சான்று இதுவே.

நான்கு முதல் ஆறு வாரங்களில் வலிமை கூடியதாக உணர்கிறோம். அப்போது தசை பெரிதாக வளர்ந்திருப்பதில்லை. இருக்கும் தசையை முழுமையாகப் பயன்படுத்த நரம்புகள் பழகியிருக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் தசை வளர்ச்சிக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள், பலருக்கு அதனினும் கூடுதலாக, ஆகும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தொடர்ந்து பயிற்சி செய்தால் மேல் அளவு சராசரியாக 5 முதல் 8 புள்ளி குறையும். சிறிய எண்தான். ஆனால் அது பல ஆண்டுகள் நிலைத்தால் இதயத்துக்கும் மூளைக்கும் பெரிய காரியம்.

எச்பிஏ1சியின் கதை இன்னும் தெளிவானது. சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதை அது அளக்கிறது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். பழைய அணுக்கள் மறைந்து புதியவை வரும்வரை பழைய பழக்கத்தின் கணக்கும் சேர்ந்தே இருக்கும். ஆகவே ஐந்தாவது வாரத்தில் அந்தச் சோதனையைச் செய்துவிட்டு நடந்து பயனில்லை என்பது, விதைத்த மறுநாள் மண்ணைக் கிளறிப் பார்ப்பது போன்றது. ஒழுங்கான பயிற்சித் திட்டங்களால் இவ்வளவு சராசரியாக 0.6 முதல் 0.7 வரை குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எலும்போ இவை எல்லாவற்றையும்விட மெதுவானது. அதன் அடர்த்தியை ஓராண்டுக்கு முன்பு மீண்டும் அளப்பதில் பொருளில்லை.

இவற்றுள் எடை கடைசி வரிசையில் நிற்கும் விருந்தாளி. வாசலில் அவனை மட்டும் எதிர்பார்த்து நின்றால், முன்னே வந்தவர்கள் எவரும் நம் கண்ணில் படுவதில்லை.

*

தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4 அன்று ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்னும் திட்டத்தை 38 மாவட்டங்களிலும் தொடங்கியது. ஒவ்வொரு மாவட்டத்திலும் எட்டுக் கிலோமீட்டர் நடைப்பாதை. நல்ல திட்டம், நடக்க ஓர் இடம் இருக்கிறது என்பதே நம் ஊர்களில் பெரிய சலுகை. எட்டுக் கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ பத்தாயிரம் அடி. அந்தப் பத்தாயிரத்தின் பிறப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அடுத்த ஆண்டு, 1965-இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியெண்ணும் கருவியின் பெயரே பத்தாயிரம் அடிமானி என்று பொருள்படுவது. எண் விற்பனையிலிருந்து வந்தது, மருத்துவத்திலிருந்து வரவில்லை. ஐ-மின் லீயும் அவர் குழுவினரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி வயது 72 உடைய அமெரிக்கப் பெண்கள் ஏறத்தாழ 17,000 பேர் கவனிக்கப்பட்டனர். நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்குப் பின் கூடுதல் பயன் தென்படவில்லை. இளையவர்களுக்கு இதே கணக்குப் பொருந்தும் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பத்தாயிரத்தை எட்டாத நாள் வீணான நாள் என்று எண்ண வேண்டாம் என்பதற்கு இது போதும்.

தாவரவியல் அம்மையாருக்கு இச்செய்தி ஆறுதலாக இருந்தது. காலை ஆறு மணி நடைக்கு அவரால் வர இயலவில்லை. சமையல், பிள்ளைகளின் பள்ளி, மாமியாரின் மருந்து. அவர் வீடு குன்னூர்ப் பக்கம். இருட்டு விலகுமுன் அங்கே காட்டுமாடுகள் சாலையில் நிற்கும், சில நாள் கரடியும் வரும். ‘சார், உங்க அட்டவணையில கரடிக்கு இடம் இல்லையே’ என்று அவர் சொன்னதும் நாங்கள் அட்டவணையை மாற்றினோம். மதிய உணவுக்குப் பின் இருபது நிமிடம், மாலையில் பேருந்துக்கு முன் பதினைந்து நிமிடம் என்று அவர் பிரித்துக்கொண்டார். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பைக் கேட்கிறது. அதை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கனமாகப் பெய்யும் நாட்களையும் கழித்துப் பார்த்தால், இம்மலையில் ஆண்டுக்கு இருநூறு நாள் நடக்க முடிந்தாலே நல்ல ஆண்டு. முந்நூற்று அறுபத்தைந்து என்று சபதம் எடுப்பவர் முதல் மழையிலேயே சபதத்தை இழக்கிறார், அதோடு நடையையும் இழக்கிறார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரிடம் நடந்த ஆய்வொன்று, புதிய செயல் தானாக நிகழும் பழக்கமாவதற்கு நடுவளவாக 66 நாள் ஆனதென்றும், ஆளுக்கேற்ப 18 முதல் 254 நாள் வரை அது வேறுபடுமென்றும் கணித்தது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய கேடு இல்லை என்பதும் அதன் முடிவு.

ஆளுக்கேற்ப என்னும் சொல் முக்கியமானது. அமெரிக்காவிலும் கனடாவிலும் குளோட் புஷார் குழுவினர் உழைக்காதிருந்த 481 பேருக்கு இருபது வாரம் ஒரே முறையில் பயிற்சி அளித்துப் பார்த்தார்கள். உடம்பு ஆக்சிஜனை ஏற்கும் திறன் சராசரியாக நன்கு உயர்ந்தது. ஆனால் சிலருக்கு மிகுதியாகவும், சிலருக்கு ஏறத்தாழ ஒன்றுமில்லாமலும் இருந்தது. அடுத்தவரின் கடிகாரத்தைப் பார்த்து நம் நேரத்தைத் திருத்திக்கொள்ள இயலாது.

*

ஞாயிற்றுக்கிழமைகளில் குன்னூர்ப் பக்கத் தேயிலைக் காடுகளின் ஊடே நடப்போம். ஒரு பகுதியில் அப்போதுதான் கவாத்து முடிந்திருந்தது. கவாத்து என்னும் சொல்லுக்கு இம்மலையில் இரண்டு பொருள். வெலிங்டனில் சிப்பாய்கள் செய்வதும் கவாத்து, தேயிலைச் செடியைக் கிளையோடு வெட்டிக் குறைப்பதும் கவாத்து. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியை வெறுங்குச்சியாக நிறுத்திவிடுவார்கள். சில மாதங்களுக்கு அங்கே கொழுந்து இல்லை, வருமானம் இல்லை. வேரில் சேர்ந்த சத்துதான் மெல்ல மெல்லத் துளிராகிறது. அங்கே நின்ற மேஸ்திரியிடம் எப்போது பறிப்பீர்கள் என்று கேட்டோம். ‘அது வர்றப்ப வரும் சார். கவாத்துக் காட்டை தினம் வந்து பாத்தா செடிக்கு ஒண்ணும் ஆகாது, பாக்குறவருக்குத்தான் மனசு கெட்டுப்போகும்’ என்றார்.

அடுத்த சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். ‘எங்க சார் போறீங்க?’ என்று ஒருவர் கேட்டார். சும்மா நடக்கிறோம் என்றோம். ‘சும்மாவா!’ என்று அவர் சிரித்ததில் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் ஏறி இறங்கும் சரிவில் நாங்கள் ஒரு மணி நேரம் தாங்கமாட்டோம். 1953-இல் ஜெரெமி மாரிஸ் லண்டன் பேருந்துகளை ஆராய்ந்து, அமர்ந்தே இருக்கும் ஓட்டுநர்களைவிட இரட்டை மாடியில் ஏறி இறங்கும் நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்று காட்டினார். உழைப்பே மருந்து என்பதற்கு இன்றும் சுட்டப்படும் ஆய்வு அது. ஆனால் மாரிஸே 1956-இல் சீருடை அளவுகளை ஆராய்ந்து, ஓட்டுநர்கள் வேலையில் சேர்ந்தபோதே பருமனாக இருந்தார்கள் என்பதையும் கண்டறிந்தார். படிக்கட்டு மட்டுமே காரணம் இல்லை. அந்த நேர்மை எங்களுக்குப் பிடித்திருக்கிறது. நடை பலவற்றைச் செய்யும், எல்லாவற்றையும் செய்யாது. உணவும் உறக்கமும் ஓய்வும் ஊதியமும் சேர்ந்துதான் உடம்பு. முதுகில் மூட்டையும் தலைக்குமேல் எடைக்கணக்குமாக நாள் முழுதும் சரிவில் நிற்பவருக்கு நடை போதும் என்று எவரும் சொல்லிவிட முடியாது.

*

வரலாற்று நண்பரும் ஐந்தாவது வாரத்தில் தளர்ந்தார். எடை அசையவே இல்லை. அப்போது எங்கள் வேலை தோழியின் வேலையாக இருந்தது. இது கார் அன்று, இன்னும் பருவம் வரவில்லை என்று வாரம் ஒருமுறை சொன்னோம். சில நாள் அவர் வீட்டு வாசலில் போய் நின்றோம். தேநீரில் சர்க்கரையை அவர் தாமாகவே விட்டார். மே மாதத்தில் சோதனை முடிவு வந்தது: 7.6. எடை ஒன்றரைக் கிலோ மட்டும் குறைந்திருந்தது. எவரும் அவரைப் பார்த்து இளைத்துவிட்டீர்கள் என்று சொல்லவில்லை. மருத்துவர் இரண்டாவது மாத்திரையை எழுதவில்லை. தொடருங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். 7.6 என்பது இன்னும் கூடுதல்தான். நோய் போய்விடவில்லை. கிடைத்தது இன்னுமொரு மூன்று மாதம்.

இப்போது எங்களிடம் கேட்கிறவர்களுக்கு நாங்கள் சொல்வது சுருக்கமானது. சர்க்கரையோ இதயக்கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முதல் மாதம் வருகைப்பதிவை மட்டும் பாருங்கள். இரண்டாம் மாதம், முன்பு நின்று மூச்சு வாங்கிய மேட்டில் இப்போது பேசிக்கொண்டே ஏற முடிகிறதா என்று பாருங்கள். மூன்றாம் மாதம் இரத்தத்தைச் சோதியுங்கள். இடுப்பளவை ஆறு மாதத்துக்குப் பின் எடுங்கள். எடைப்பொறியை அதுவரை மறைவாக வைப்பது நல்லது. தனியாகத் தொடங்காதீர்கள், வம்ப மாரியை வம்ப மாரி என்று சொல்ல ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

இயற்பியல் நண்பரிடமும் இவற்றைச் சொல்லியிருக்கிறோம். எத்தனை மாதம் ஆகும் என்று சரியாகச் சொன்னால் யோசிக்கிறேன் என்றார். பார்க்க வேண்டும்.